வளைத்துப் பிடித்தால் ஏறும்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்குக் குவைத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்த என் மகள் கத்தினாள் என்பது, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்த மனிதருக்குத்தான் முதலில் தெரிந்தது.

"தங்கச்சி, நா பக்கத்து வீட்டு லாத்தாவோட மாப்புள பேசுறேன். கயலு கத்துச்சு தங்கச்சி. 'லாத்தா, தீ'ன்னு கத்துச்சு. நா கூப்புட்டுக்கிட்டே இருக்கயில லைன் கட்டாயிருச்சு. எங்கன நிக்கிறாகன்னே தெரியல."

"எந்தத் தீ?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியை உதறிவிட்டு மறுபடி மடித்தேன். அந்தச் செயல் இன்றும் என் கைக்கு ஞாபகம் இருக்கிறது.

கயலை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. லாத்தாவை அழைத்தேன். அதுவும் அப்படியே.

லாத்தா என்றால் அக்கா. கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் அழைப்பார்கள். அவர் பெயரை எங்கள் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்து வீட்டுக்காரர்களான நாங்களும் லாத்தா என்றோம், என் மகளும் லாத்தா என்றாள், தபால்காரரும் லாத்தா என்றார். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்துக்கு வந்து எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார். பிள்ளைகள் இல்லை. சுரிதாரும் புர்காவும் தைத்து உச்சிப்புளி, பாம்பன், ராமேஸ்வரம் என்று கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். அதற்காகக் கணவர் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கிக் கொடுத்திருந்தார். காரை லாத்தாதான் ஓட்டுவார்.

அவர் தனியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கணவர் எப்போதும் லைனில் இருப்பார். பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் இருவரும் பேசவே மாட்டார்கள். இங்கே தையல் இயந்திரம் ஓடும், அங்கே அரிசி மூட்டை இறங்கும் சத்தம் கேட்கும். வீடியோவில் கூரை மட்டும் தெரியும். ஆனால் லைன் ஓடிக்கொண்டிருக்கும். யாராவது போனைத் தொட்டால், "கட் பண்ணிறாத புள்ள" என்று ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்வார்.

மீன் வாங்கும்போதும் போனைத் திருப்பிக் காட்டுவார்.

"செவுளத் தூக்கிக் காட்டச் சொல்லு" என்பார் காக்கா, குவைத்திலிருந்து. லாத்தாவின் கணவரை நாங்கள் அப்படித்தான், அண்ணன் என்ற பொருளில், அழைப்போம்.

மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைப்பார். "ஏன் காக்கா, அங்கன இருந்துக்கிட்டே மோந்தும் பாப்பீகளா?"

"மோந்து பாத்தா நீ விக்கவே முடியாதுத்தா."

தெருவே சிரிக்கும். அந்த மனிதர் கடைசியாக ஊருக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் யார் வீட்டில் என்ன குழம்பு என்று அவருக்குத் தெரியும்.

காரிலும் அப்படித்தான். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பிடிப்பானில் போன் நிற்கும், சாலையைப் பார்த்தபடி. "லெப்ட்ல ஆட்டோ வருது" என்று குரல் வரும்.

"எனக்குக் கண்ணு இருக்கு மச்சான். நீங்க அங்கன ஒட்டகத்தப் பாத்து ரோட்டக் கடங்க."

ஓட்டும்போது இது ஆபத்து என்று நான் சொல்லியிருக்கிறேன். லாத்தா கோபப்படவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, போனைத் துணியால் துடைத்துவிட்டுச் சொன்னார். "முன்ன ஒரு தடவ பேசிக்கிட்டே இருந்தப்போ கட்டாயிருச்சு கயலம்மா. சரி, வேலையா இருப்பாகன்னு விட்டுட்டேன். மறுநாளும் வரல. அதுக்கு மறுநாளும் வரல. வெயில்ல மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்திருக்காக. அங்க உள்ளவுகளுக்கு எங்கிட்டச் சொல்லணும்னு தோணல. நா இங்கன வறுத்த மீனத் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன். அல்லா அந்தத் தின்ன வாய எப்புடி மன்னிப்பான்? அதுலருந்து நா கட் பண்றதில்ல. அவுகளும் பண்றதில்ல."

அதற்குமேல் நான் அவரிடம் போனைப் பற்றிப் பேசவில்லை. சார்ஜரைப் பற்றித்தான் பேசினேன்.

நாள் முழுவதும் வீடியோ ஓடினால் எந்தப் போனும் தாங்காது. காரில் ஏறியதும் லாத்தா முதலில் செய்வது சார்ஜரில் போனைச் செருகுவதுதான். சிகரெட் லைட்டருக்காக விட்டிருக்கும் குழியில் மாட்டுகிற கறுப்புச் சார்ஜர். கார் வாங்கிய வருடம் காக்கா குவைத்திலிருந்து கொண்டுவந்தது. நான் முதலில் பார்த்தபோது அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று.

பக்கவாட்டில் இரண்டு சிறிய தகடுகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அவைதான் சார்ஜரைக் குழியின் சுவரோடு அழுத்திப் பிடிக்கின்றன. அவை மடங்கிப் போயின. பள்ளத்தில் கார் குதித்தால் சார்ஜர் தானாக வெளியே வந்தது. லாத்தா ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையைக் கிழித்து இடுக்கில் சொருகினார். நுனியில் ஒரு சிறிய கம்பிச்சுருள் உண்டு, உள்ளே அமுக்கினால் திரும்ப வெளியே வர வேண்டும். அது உள்ளேயே தங்கிவிட்டது. பாலத்தைத் தாண்டிக் கடைகளுக்குப் போய் வந்ததில் உப்புக் காற்று பட்டு உலோகமெல்லாம் பச்சை பூத்தது. வயர் கழுத்தில் பிளந்து உள்ளே செம்பு தெரிந்தது. அதற்கு ஒரு டேப்.

கடைசியில் அது ஒரே ஒரு கோணத்தில்தான் வேலை செய்தது. முன் இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் அவர்தான் வயரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். லாத்தா அதற்குப் பயிற்சியே கொடுப்பார். "மேல தூக்கி, லேசா எம்பக்கம் வளச்சுப் புடி. ஆங். இப்ப ஏறுது பாரு." போனின் மூலையில் மின்னல் குறி வரும், போகும், வரும்.

நான் ஒருமுறை அந்த இருக்கையில் உட்கார்ந்து உச்சிப்புளி வரை போனேன். சார்ஜரைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டேன்.

"லாத்தா, இது சுடுது."

"வெயில்ல நின்ன வண்டிதானே, சுடாம என்ன செய்யும்?"

"வண்டி சுடுறது வேற. இது இட்லிச் சட்டி மாதிரிச் சுடுது. மாத்திருங்க."

"மாத்தாம என்ன, புதுசே இருக்கு. போன வருசம் ஒரு ஆள்கிட்டக் குடுத்துவிட்டாக. அலமாரியில இருக்கு."

"அப்ப எடுத்து மாட்ட வேண்டியதுதானே?"

"அவுக வந்து பிரிக்கட்டும்."

அந்தக் கண்ணாடி அலமாரியை நான் பார்த்திருக்கிறேன். கீழக்கரைப் பக்கம் அரபு நாட்டுச் சம்பாத்தியம் உள்ள பல வீடுகளில் அப்படி ஒன்று இருக்கும். உறை பிரிக்காத சோப்பு, பால்மாவு டப்பா, வாசனைப் புட்டி, டார்ச் லைட். எல்லாம் வந்தபடியே நிற்கும். பிரித்துவிட்டால் அது சாமான். பிரிக்காத வரை அது அவர். புதிய சார்ஜரும் அதன் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அங்கேதான் நின்றது. பழையதோ அவர் தன் கையால் மாட்டிவிட்டுப் போனது, அதைக் கழற்றவும் லாத்தாவுக்கு மனம் வரவில்லை. "பாரின் சாமான் கயலம்மா, லேசுல சாகாது" என்பார். சந்தைக்கடைச் சார்ஜராக இருந்திருந்தால் என்றைக்கோ தூக்கி எறிந்திருப்பார்.

இரண்டொரு முறை ப்யூஸ் போயிருக்கிறது. ப்யூஸ் போவது வண்டி நம்மிடம் கெஞ்சுவது மாதிரி என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது வழியில் யாரோ அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைச் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ப்யூஸ் போகவே இல்லை என்று லாத்தா சந்தோஷப்பட்டார்.

கருகிய வாடை வரத் தொடங்கியபோது காருக்குள் ஒரு ஸ்ப்ரே வந்து உட்கார்ந்தது. ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் கொண்டுவருவார்களே, உயரமான டப்பாவில், உடம்புக்கு அடித்துக்கொள்கிற ஸ்ப்ரே. அதுதான். அலமாரியில் அது நிறைய இருந்ததால் ஒன்றை மட்டும் பிரித்திருந்தார். வாடை வந்தால் டாஷ்போர்டைப் பார்த்து ஒரு அடி. கார் கல்யாண வீடு மாதிரி மணக்கும். நானும் அந்த மணத்தில்தான் என் மகளை ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது கயல் சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். வாடகைக் காரில் ஏறினால் எனக்குச் சொல்ல வேண்டும். நான் கேட்கும் கேள்விகள் அவளுக்கு மனப்பாடம். "சார்ஜரைத் தொட்டுப் பாரு. சுடுதா? ஆட்டுனா ஆடுதா? வயரு கழுத்துல வெடிச்சிருக்கா? குழியச் சுத்திப் பிளாஸ்டிக் பழுப்பாயிருக்கா?" ஓட்டுநர்கள் அவளை ஏதோ அதிகாரி என்று நினைத்துக்கொள்கிறார்களாம். "அம்மா, என் போன்ல சார்ஜ் இருக்கும்மா" என்பாள். அதைக் கேட்கவில்லை நான். பிடித்துக்கொள்ள ஒரு கை தேவைப்படுகிற சார்ஜர் அன்றைக்கே செத்துவிட்டது. அதற்குப் பிறகு அது எடுத்துக்கொள்வதெல்லாம் பிடித்திருப்பவரிடமிருந்து. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் என்று தெரியவில்லை. சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுகிறது. சார்ஜருக்கா இவ்வளவு என்று பார்க்கிறார்கள்.

லாத்தா இப்போது குவைத்தில் கணவரோடு இருக்கிறார். பெருநாளைக்கு ஒரு தடவை பேசுவார். நாலு வார்த்தை பேசிவிட்டு, "சரி கயலம்மா, வச்சுர்றேன்" என்று அவரே வைத்துவிடுவார். முதல் முறை அப்படி வைத்தபோது நான் போனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை கயல் ராமேஸ்வரத்தில் ஒரு தேர்வு எழுதப் போயிருந்தாள். காலையில் பேருந்து. திரும்பும்போது லாத்தாவோடு வருவதாக ஏற்பாடு. என் கணவர் மதுரையில் இருந்தார். மறுபடி அழைத்த காக்காவின் குரல் காதிலிருக்கத் தெருமுனைக்கு ஓடி ஒரு வாடகைக் காரைப் பிடித்தேன்.

"லைனக் கட் பண்ணாதீங்க தங்கச்சி" என்றார் காக்கா. "பேச வேணாம். சும்மா இருங்க. ஆனா கட் பண்ணாதீங்க."

நான் கட் பண்ணவில்லை. கார் உச்சிப்புளியைத் தாண்டியது. அவர் பக்கம் கடையில் யாரோ அரபியில் எதையோ கேட்டார்கள். அவரிடமிருந்து மூச்சு மட்டும் கேட்டது. அத்தனை வருடமும் லாத்தாவின் காதில் இருந்தது அந்த மூச்சுதான் என்று தோன்றியது. வைத்துவிட்டால் என் மகளுக்கும் எனக்கும் நடுவே எதுவுமே இல்லாமல் போய்விடும் என்று நம்பினேன். அவருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கடைசியாக அவள் குரலைக் கேட்ட காது அவருடையது.

என் போன் சிவப்புக் கோடு காட்டியது.

"தம்பி, சார்ஜர் இருக்கா?"

"இருக்குக்கா. இந்தாங்க." ஓட்டுநர் வயரைப் பின்னால் நீட்டினார். செருகினேன். ஏறவில்லை. அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "கொஞ்சம் வளச்சுப் புடிங்கக்கா. ஏறும்."

வயர் என் கையில் இருந்தது.

"தங்கச்சி? தங்கச்சி, கேக்குதா?" என்றார் காக்கா.

வளைத்துப் பிடித்தேன். மின்னல் குறி வந்தது, போனது, வந்தது. மண்டபம் வருவதற்குள் போன் அணைந்துவிட்டது. வேறு போனிலிருந்து அவரை அழைக்க எண் எனக்கு ஞாபகமில்லை. பாம்பன் பாலத்தில் எப்போதும் போலக் காற்று காரைத் தள்ளியது. இரண்டு பக்கமும் கடல். ஓரமாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரையும் பார்த்தேன். அந்தப் பாலத்தின் நீளத்துக்கு நான் என் மகள் இல்லாத ஒரு வீட்டை நினைத்துப் பார்த்துவிட்டேன். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

பாலத்தைத் தாண்டி அக்காள்மடத்தில் சாலையோரம் கூட்டம் நின்றது. ஆம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை. லாத்தாவின் கார் நான்கு கதவும் திறந்து கிடந்தது. முன்கண்ணாடி உள்பக்கம் கறுத்திருந்தது. டாஷ்போர்டின் மேல் ஐஸ் குவிந்திருந்தது, கறுப்புத் தண்ணீர் இருக்கையில் ஒழுகியது. பின்னால் வந்த மீன் ஐஸ் வண்டிக்காரர்கள் கூடை கூடையாக அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்.

கயல் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கூந்தலின் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. நெற்றியில் கரி. கை, கால், முகம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீருக்குள் லாத்தாவின் வலது கையைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையை நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

லாத்தாவின் புருவம் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, "அவுக லைன்ல இருக்காகளா?"

"இல்ல லாத்தா. என் போன் அணைஞ்சிருச்சு."

"நம்பர் சொல்லுங்க, போட்டுத் தாரோம்" என்றார் கூட்டத்தில் ஒருவர், தன் போனை நீட்டி.

லாத்தா வாயைத் திறந்தார். மூடினார். எத்தனையோ வருடமாக அந்த எண்ணை அவர் ஒருமுறைகூடப் போட்டதில்லை. அது எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் போனும் கயலின் போனும் காருக்குள் உருகிக் கிடந்தன. "ஆரம்பம் நாப்பத்தொன்னா... அல்லாவே, அதுக்கு மேல என்ன?" என்றார். அப்போதுதான் அவர் அழுதார். கைக்காக அழவில்லை.

நடந்ததைக் கயல் சிறிது சிறிதாகச் சொன்னாள். வயரைப் பிடித்திருந்திருக்கிறாள். வாடை அதிகமாகியிருக்கிறது. சார்ஜர் பாதி வெளியே வந்து படபடவென்று பொறி பறந்திருக்கிறது. லாத்தா வழக்கம்போல ஸ்ப்ரேயை எடுத்து அதன் மேலேயே அடித்திருக்கிறார். டாஷ்போர்டு முழுவதும் ஒரே நேரத்தில் எரிந்திருக்கிறது.

"என் பெல்ட்டக் கழட்ட முடியலம்மா" என்றாள். "போன் அவங்களுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. காக்கா உள்ள கத்திக்கிட்டே இருந்தாங்க. லாத்தா அத எடுக்கல. தீக்குள்ள கைய விட்டு என் பெல்ட்டத்தான் கழட்டுனாங்க."

அதைச் சொன்னபின் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ராமநாதபுரம் மருத்துவமனையில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். டாக்டர் அதிர்ச்சிதான், சரியாகிவிடும் என்றார். என் போனுக்கு உயிர் வந்ததும் காக்காவை அழைத்தேன். அவர் போன் அணைந்திருந்தது. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், லாத்தாவுக்குக் கையில் காயம் என்று எழுதிப் போட்டேன். வெகுநேரம் ஒற்றை டிக்கிலேயே நின்றது. பிறகு, சென்னை விமான நிலையத்தில் இறங்கிவிட்ட காக்காவிடமிருந்து ஒரு சொல் வந்தது. "வாரேன்."

மறுநாள் காலை லாத்தாவுக்கு நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கதவருகே ஒருவர் நின்றார். கையில் பெட்டி இல்லை, கடையில் போட்டிருந்த சட்டையோடு வந்திருந்தார். போனில் பார்த்த முகத்தைவிடக் கறுத்து, மெலிந்து, குள்ளமாக இருந்தார்.

லாத்தா முந்தானையை இடது கையால் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "லீவு குடுத்தாகளா?" என்றார்.

அவர் கட்டுப் போட்ட கையருகே வந்து நின்றார். அதைத் தொடப் போய், தொடாமல், லாத்தாவின் காலைத் தொட்டார். பிறகு சுவரோரம் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த என் மகளிடம் போய், அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"ஏத்தா கயலு, எதாச்சும் பேசு. என்னன்னாலும் சரி, என்னைய ஏசு. நேத்து நீ கத்துனதுக்குப் பெறகு லைன் கட்டாயிருச்சு. பிளேனு பூராவும் காதுக்குள்ள அந்தச் சத்தம்தான். அதுக்கப்புறம் ஒரு வார்த்த ஒன்ட்ட இருந்து நா கேக்கணும்."